முழுகாத மூன்று மாதம்

முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்தது. திருவள்ளூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது என் மாமியார் வீட்டு வழக்கம். அதனால் பிள்ளை வந்ததும் ஊருக்குத் தெரியாது, போனதும் தெரியாது. நான்காம் நாள் காக்களூர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மாதவிலக்கே வரவில்லை. விலக்கானால் எங்கள் வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய், மூன்றாம் நாள் தலைமுழுக்கு. மூன்று மாதம் நான் ஒதுங்கி உட்காராததை மாமியார் விரல் விட்டு எண்ணியிருக்கிறார். "கலைஞ்ச சூட்டோட தங்கிடுச்சு" என்று என்னிடம் சொன்னார். "மருமவ முழுகாம கீறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மருந்துக்கடையில் வாங்கிய சோதனை அட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது. "அது இன்னா டாக்டரா? நாங்கள்லாம் அட்டையப் பாத்தா பெத்தோம்?" என்றார். எனக்கும் அந்த ஒற்றைக் கோட்டை நம்ப மனமில்லை. ஆசை கண்ணை மறைத்தது.

மாதாமாதம் நாலைந்து நாள் அடிவயிற்றைப் பிசைந்து எடுக்கும். பேக்கிங் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாத்திரையைத் தொட்டால் மாமியார் பிடுங்கிக்கொள்வார்.

"புள்ள வவுத்துல இருக்கசொல்ல மாத்திர போடுவியா? பல்லக் கடிச்சிக்கினு இரு."

கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு அவரை மன்னித்துவிட்டேன், என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

நான்காவது மாதம் வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன். கணவர் ஸ்கேனுக்கு அழைத்துப்போனார். டாக்டரம்மா திரையையே பார்த்தபடி சொன்னார்: "கொழந்தை இல்லம்மா. சுத்தம் பண்ணப்போ பட்ட காயம் ஆறும்போது கர்ப்பப்பை வாய் ஒட்டிக்கிட்டு மூடிடுச்சு. வெளிய வரவேண்டிய ரத்தம் உள்ளயே தேங்கி, கருக்குழாய் வரைக்கும் போயிருக்கு. முதல் மாசமே வலிக்குதுன்னு வந்திருக்கலாமே?"

மயக்க மருந்து கொடுத்து, ஒட்டிய வாயைத் திறந்தார்கள். மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், குழாய் கெட்டிருக்கிறதா என்று பிறகுதான் தெரியும், கரு தங்கினாலும் பிரசவத்தில் வாய் விரியாமல் போகலாம் என்றார்கள். "கொழந்த பொறக்குமா டாக்டர்?" என்று கணவர் கேட்டார். "பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. லீவு கேட்டால் எங்கள் சூப்பர்வைசர் சொல்லும் பதிலும் அதுதான்.

வீட்டுக்கு வந்தால், பிள்ளை கலைந்துவிட்டதாக மாமியார் ஊருக்குச் சொல்லியிருந்தார். பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு கண்ணு, மனசுல வச்சுக்காத" என்றாள். பிள்ளையே இல்லை அக்கா, வெறும் ரத்தம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் போன என் முதல் பிள்ளைக்காக, அத்தனை பேர் நடுவில், அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.