கேஸில் எழுதாத நாலு நாள்

பெரியவன் பள்ளிக்கூடத்தில் தென்னாபிரிக்காவைப் பற்றிப் படித்துவிட்டு வந்தான். அங்கே அந்தக் காலத்தில் கறுப்பு ஆக்கள் சொந்த நாட்டுக்குள் நடமாடவே பாஸ் வைத்திருக்க வேணுமாம் என்று பிரெஞ்சில் சொன்னான். "எங்களுக்கும் பாஸ் இருந்ததடா" என்றேன். அவன் நம்பவில்லை. இருந்தால் ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டான். அதுக்குக் காரணம் இருக்கு. உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுதுறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சண்டை முடிந்த வருசம் எங்களை வவுனியாப் பக்கம் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு குற்றமும் செய்யவில்லை, ஆனால் வெளியில் போக ஆமி எழுதித் தரும் பாஸ் துண்டு வேணும். சின்னவள் வயிற்றில் இருந்தாள். பிரசவ நோ எடுத்ததும் உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். துண்டில் ஒரு ஆளின் பெயர்தான் இருந்தது. என்னை முகாம் வாசலில் மறித்துப்போட்டார்கள். பெரியவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு நாள் அந்த வாசலில் நின்றேன். பிள்ளை பிறந்ததோ, அம்மா இருக்கிறாவோ, ஒன்றும் தெரியாது. ஐந்தாம் நாள் சின்னவளோடு திரும்பி வந்துதான் அம்மா சொன்னா: ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பிள்ளையும் அதே நாள்தான் பிறந்ததாம். தகப்பன் சுடுதண்ணிப் போத்தலோடு வந்து வந்து போனாராம். பாவம், நல்ல மனுசன், அம்மாவுக்கும் ஊற்றிக் கொடுத்தாராம். அவருக்குத் துண்டு தேவைப்படவில்லை.

அடுத்த வருசம் நான் தனியப் பாரிசுக்கு வந்தேன். பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ரானில் ஒரு அறையில் ஆறு பேர். எல்லாருக்கும் வேலை நேரம் வேறு, முகம் பார்த்துக் கதைக்க ஆள் இல்லை. அகதி விசா கிடைத்தால்தான் உங்களைக் கூப்பிடலாம். தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கும் அண்ணை ஒருவரிடம் போய், அந்த நாலு நாளைச் சொன்னேன்.

"இதெல்லாம் ஒரு கேஸே தம்பி? வாசல்ல நிண்டனீராம். பஸ்ஸுக்கும்தான் சனம் நிக்குது."

"நடந்தது அதுதான் அண்ணை."

"நடந்ததுக்கு இஞ்சை விசா குடுக்கிறேல்லை. நான் எழுதுறன், நீர் பாடமாக்கும்."

ஆமி பிடித்து நான் ஒன்றரை வருசம் இருட்டறையில் கிடந்ததாக எழுதினார். ரெயினில் போகவும் வரவும் அதைப் பாடமாக்கினேன். விசாரணையில் ஒரு பொம்பிளை அதிகாரி, அந்த அறையில் எங்கே சாப்பாடு வைப்பார்கள், கையில் தருவார்களா என்று கேட்டா. அண்ணை அதை எழுதியிருக்கவில்லை. ரிஜெக்ட் வந்தது.

மேல்முறையீட்டுக்கு ஒரு வருசத்துக்கு மேல் காத்திருந்தேன். ரெஸ்ரோறன்ட்டில் பாத்திரம் கழுவினேன். கிழமைக்கு ஒருக்கால் அம்மாவோடு கதைப்பேன். "எப்ப கூப்பிடுவியள்" என்று கேட்பதை அவவும் விட்டிட்டா. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

நீதிபதி முதல் கேள்வியே இருட்டறையைப் பற்றித்தான் கேட்டார். "அது பொய், ஐயா" என்றேன். மொழிபெயர்க்கிறவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பிறகு வாசலில் நின்றதைச் சொன்னேன். துண்டு என்ன நிறம், யார் ஒப்பம், குடிக்கத் தண்ணி யார் தந்தது, எல்லாம் கேட்டார்கள். எல்லாத்துக்கும் மறுமொழி இருந்தது. அந்த நாலு நாளையும் நான் ஒருத்தரிட்டையும் கேட்டுப் பாடமாக்கவில்லை.

என் கோப்பை எப்பவாவது பிரெஞ்சில் வாசித்தால், அண்ணை எழுதின முதல் எட்டுப் பக்கத்தை நம்பாதையுங்கோ. வெட்கத்தில்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது, ஓம் என்று. அறையில் ஒருத்தரும் இல்லை. அம்மாவுக்கு எடுத்தேன். அவ அழுதுபோட்டு போனைச் சின்னவளிடம் கொடுத்தா.

"அப்பாட்டை வாறீங்களோ?" என்று கேட்டேன்.

சத்தம் இல்லை. திரும்பவும் கேட்டேன்.

"தலையாட்டுறாளப்பா," என்றா அம்மா. "நீங்கள் கேட்ட நேரம் தொடங்கித் தலையாட்டிக்கொண்டு நிக்கிறாள்."