வராத வாரத்து அத்தியாயம்

மைதாப் பசை கொதிக்கும்போது அதில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தத்தைப் போட்டதும் கிளம்பும் வாடை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அது தொடர்கதை "பைண்டு" பண்ணும் நாள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த பக்கங்களை அம்மா அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை ஒட்டி, மேலே அம்மிக்குழவியைப் பாரமாக வைப்பாள். அப்படி உருவான ஒரு நாவலைத்தான் சிறுவயதில் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை எழுதியவரைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள், "அவரு மாதிரி எழுத இனிமே ஆளு பொறக்கணும்" என்பார்கள்.

அதில் ஓர் அத்தியாயம் இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்த வாரம் எங்கள் தெருவுக்குப் பத்திரிகை வரவில்லை. முந்தைய அத்தியாயத்தின் முடிவில், கைவிட்டுப் போன கணவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அடுத்ததில் கதாநாயகி வேறு ஊரில் தனியாக, டீச்சராக இருக்கிறாள். நடுவில் என்ன ஆச்சு என்று கேட்டால் அம்மா அரிசி களைந்தபடியே, "கதவைச் சாத்திட்டாடி. வேற என்ன செய்வா" என்பாள்.

பல வருஷம் கழித்து, என்னையும் மகளையும் விட்டுப் போன என் கணவர் எங்கள் உறையூர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. கதவைச் சாத்தினேன். அந்தக் கதாநாயகி செய்ததைத்தானே செய்கிறோம் என்ற தைரியம்.

போன மாதம் புத்தகக் கண்காட்சியில் அந்த நாவலின் புதுப் பதிப்பு கிடைத்தது. டவுன் பஸ்ஸிலேயே அந்த அத்தியாயத்தைப் பிரித்தேன். அவள் கதவைச் சாத்தவில்லை. காலில் விழுந்து கதறுகிறாள். ஏதோ பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்த அவன்தான் உதறிவிட்டுப் போகிறான். அந்தக் கதறலை ஆசிரியர் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார். நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

அம்மா வேறெங்கோ அதைப் படித்துவிட்டு மாற்றிச் சொன்னாளா, படிக்காமலே சொன்னாளா? இத்தனை நாள் நான் கொண்டாடியது அந்த எழுத்தாளரையா, அம்மாவையா? கோபத்தில் புத்தகத்தையே தூக்கிப் போடலாம் என்றால், மற்றப் பக்கங்கள் இன்றும் என்னை இழுத்து உட்கார வைக்கின்றன. ஒன்றும் புரியவில்லை. கேட்க அம்மா இல்லை. அவள் தைத்த "பைண்டு"ம் கரையானுக்குப் போய்விட்டது.

நேற்று மகள் புதுப் பதிப்பைக் கையில் எடுத்துப் புரட்டினாள். "இந்தப் பழைய கதையெல்லாம் இப்ப எங்களுக்கு ஒத்து வருமாம்மா?"

அவள் கையிலிருந்த புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.

"படி" என்றேன். "அவன் திரும்பி வர்ற இடம் வந்ததும் மூடி வச்சுட்டு என்கிட்ட வா. அந்த அத்தியாயத்தை நான் சொல்றேன்."