சாராளின் ஜெபக் குறிப்பு

ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் சாராள் டீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்வது எங்கள் வழக்கம். மருமகளுக்குப் பிரசவம், பட்டாளத்திலிருந்து மகன் இன்னும் திரும்பவில்லை, மாட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறது என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மற்றவர்கள் அதற்காகக் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். முறை சாராளிடம் வந்தால் மட்டும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அடுத்தவளைக் கைகாட்டிவிடுவாள். எட்டு வருஷமாக இதே பதில். அவள் அப்பா சாகக் கிடந்தபோதும் இதே பதில்தான்.

"கடவுள்கிட்டயே கௌரவம் பாக்குது" என்று போன வாரம் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாராளை அப்படி ஆக்கியவர்களில் நானும் ஒருத்தி. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவேன்? அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் அருள்செல்வி. நானும் சாராளும் பூந்தமல்லிப் பக்கத்து மிஷன் பள்ளியில் விடுதிப் பிள்ளைகள். அவள் அப்பா ஆவடியில் ரயில்வே கேட் சாத்தித் திறக்கிறவர். அவரைப் போலவே இவளும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பள்ளியில் சும்மா இருக்க யாருக்கும் அனுமதியில்லை. விடிந்ததும் ஒரு குழு தண்ணீர் இறைக்கும், ஒரு குழு அரிசி புடைக்கும், ஒரு குழு கக்கூஸ் கழுவும். சனிக்கிழமை மத்தியானம் சேவைச் சங்கம். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சென்னீர்குப்பத்துக்கு நடப்போம். போரிக் பவுடர், பஞ்சு, சவுக்காரம், சிலேட்டு எல்லாம் தூக்கிக்கொண்டு போவோம். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, பாட்டு சொல்லிக்கொடுப்போம். எனக்குப் பாட்டென்றால் இஷ்டம், சிரங்கென்றால் குமட்டல். சாராள் நேர்மாறு. என்னோடு கைகோத்து வருகிறவள் அவள்தான்.

அந்த ஊரில் தாட்சாயிணி இருந்தாள். இருபது வயது. கல்யாணமான மறு வருஷமே புருஷன் காலராவில் போய்விட, அண்ணன் திருவேங்கடத்தின் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். நெல்லும் கத்தரியும் போடுகிற குடும்பம், சோற்றுக்குக் குறைவில்லை. தெருவாசலுக்கு மட்டும் வரக்கூடாது. அண்ணன் பிள்ளையின் கண்வலிக்கு மருந்து போடப் போன இடத்தில் சாராள் அவளோடு பழகி, எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பொழுது போகட்டும் என்று திருவேங்கடமும் விட்டுவிட்டார். ஏழே மாதத்தில் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தடுக்காமல் படித்தாள் தாட்சாயிணி.

முப்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். மாட்டுக் கொட்டகையில் வைத்து அவள் சாராளிடம் சொன்னாள், எனக்கு இது தெரிந்தது பின்னால்தான்: "உங்க இஸ்கூல்ல பெரிய பொம்பளைங்களுக்கு டீச்சர் வேலைக்குப் படிப்பு கீதாமே சாராளு? நான் ஜூன் மாசம் வரப்போறேன். இங்கயே சாணி தட்டிகினு கெடந்து சாவவா? நான் கேட்டா அண்ணன் ஒதைப்பாரு. அம்பத்தூரு மாமா சித்திரையில வருவாரு, அவரு சொன்னா அண்ணன் தட்டமாட்டாரு. அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு உடாத."

எங்கள் வேதத்தில் சத்தியம் பண்ணும் வழக்கமில்லை. "சரிக்கா" என்றாள் சாராள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

சங்கத்தை நடத்தியவர் அன்னம்மாள் டீச்சர். ஞாயிறு சாயங்காலம் எங்களை வட்டமாக உட்காரவைத்து, யாருக்காக மனதில் பாரப்படுகிறோம் என்று கேட்பார். "இந்த வட்டத்தில் சொல்வது ஆண்டவர் காதுக்கு மட்டும்" என்பார். மூன்று வாரமாகச் சாராள் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம், "சாராளுக்கு யார்மேலும் பாரமில்லை போலிருக்கிறது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சாராள் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு அக்கா, புருஷன் இல்லாதவங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "ஜூன் மாசம் நம்ம பள்ளிக்கூடத்துல சேரணும்னு ஆசைப்படறாங்க. வீட்டுல மனசு வைக்கணும். இது வெளிய தெரியக்கூடாது."

எல்லாரும் ஜெபித்தோம். நான் பாதியில் கண்ணைத் திறந்து பார்த்தேன். டீச்சர் கன்னத்தில் கண்ணீர். அதனால்தான் இன்றுவரை அந்த அம்மாளை முழுசாக வெறுக்க முடியவில்லை. முடிந்ததும் சாராளைத் தனியே அழைத்து, பெயர் சொல்லி ஜெபித்தால் நல்லது என்று கேட்டார். சாராள் சொல்லிவிட்டாள். ஜெபத்துக்கென்று கேட்டால் எங்களில் யார்தான் சொல்லாமல் இருப்போம்?

மாதக் கடைசியில் மிஷன் பத்திரிகைக்குச் சேவை அறிக்கை போகவேண்டும். என் கையெழுத்து அழகு என்பதால் டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "சென்னீர்குப்பத்தில் தாட்சாயிணி என்னும் இந்து விதவை இரட்சகரைத் தேடுகிறாள். ஜூன் மாதம் உற்றாரை விட்டு நம்மிடம் வருகிறாள்" என்றார்.

நான் பேனாவை நிறுத்தினேன். "படிக்கத்தானே டீச்சர் வர்றாங்க?"

"தேடாதவள் நம்மிடம் எதற்குப் படிக்க வருகிறாள்? எழுது."

"பேர் போடலாமா டீச்சர்?"

"போன வருஷம் பேரில்லாமல் எழுதி, உண்மைதானா என்று கேட்டுவிட்டார்கள். எழுது அருள்செல்வி. உன் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது."

எழுதினேன். அன்றைக்கே சாராளிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். முத்து முத்தாக என்ற அந்தப் பாராட்டில் மயங்கிக் கிடந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது தித்தித்தது.

அடுத்த மாதம் அச்சாகி வந்தது. எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணும் மிஷன் உபதேசியார் கிறிஸ்துதாஸ் படித்துவிட்டார். வஞ்சகமே தெரியாத மனுஷர், அதுதான் வினையாகிவிட்டது. சந்தோஷம் தாங்காமல், தாட்சாயிணிக்குக் கொடுக்க ஒரு புதிய ஏற்பாட்டையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சென்னீர்குப்பம் போனார். தெருவில் நாலு பேர் கூடியிருக்க, திருவேங்கடத்துக்கு வாழ்த்துச் சொல்லி, பத்திரிகையை உரக்கப் படித்தும் காட்டினார்.

மறுநாள் நாங்கள் போனபோது பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டு நாகம்மாள் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மருந்து போட வந்தீங்களா, ஊட்டப் பிரிக்க வந்தீங்களா? வேதத்துல சேரப் போவுதுன்னு பேப்பர்லயே போட்டாச்சாமே! காலையில வண்டி கட்டி திருத்தணிக்கு மாமியாரூட்டுக்கு அனுப்பிட்டாங்க. இனிமே அது வெளிய வராது. போங்கடி!"

திரும்பி நடக்கும்போது, எழுதியது நான்தான் என்று அழுதுகொண்டே சொன்னேன். சாராள் என் கையை விட்டாள். வரிசையில் கடைசியாக, ஜோடியில்லாமல் தனியே நடந்து வந்தாள். பள்ளிக்கு வந்ததும் நேராக டீச்சரிடம் போனாள்.

"ஜெபத்துக்குத்தானே டீச்சர் உங்ககிட்ட சொன்னேன்?"

"நல்லதை நினைத்துத்தான் செய்தேன். இன்னும் ஊக்கமாக ஜெபிப்போம்" என்றார் டீச்சர். மறுநாள் வட்டத்தில் தாட்சாயிணியின் பெயரையே முதல் ஜெபக் குறிப்பாகச் சொன்னார். சாராள் பாதியில் எழுந்து போய்விட்டாள். அதற்குத் தண்டனையாக இரண்டு வாரம் கக்கூஸ் கழுவினாள். முணுமுணுக்காமல் கழுவினாள்.

அந்த வாரமே திருவேங்கடம் பள்ளி வாசலுக்கு வந்தார். சாராள் துடைப்பத்தோடு போக, நானும் பின்னால் போனேன். பழந்துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"உங்க சாமான் எங்க ஊட்ல வாணாம். தங்கச்சி போறப்போ தானே சுத்திக் குடுத்துச்சு, சாராளு கையில குடுன்னு. புள்ளைக்குக் கண்வலின்னுதானே உங்களை உள்ள உட்டேன்?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பிரித்தால் இரண்டாம் வகுப்புப் புத்தகம், அதன் கீழே எங்கள் சங்கத்துச் சிலேட்டு. சிலேட்டில் பெரிய பெரிய எழுத்தில், சாராள் கைபிடித்துப் பழக்கிய அதே எழுத்தில், ஒரே ஒரு வரி:

"சாராளு உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

அவள் இன்னொரு முறை படிக்கவேண்டாம் என்று தாவணி முனையால் துடைக்கப் போனேன். சாராள் சிலேட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நீ எழுதினது அச்சாகி ஊரெல்லாம் போச்சு" என்றாள். "அக்கா எழுதினது இது ஒண்ணுதான். இதையும் அழிக்கப் போறியா?"