கரண்ட் கேட்காத ரேடியோ

என் சித்தி யாருக்கும் பயந்து பேசி நான் பார்த்ததில்லை. டிவி பழுதுபார்க்கும் கடையில், செத்துப்போன போர்டுகளிலிருந்து பாகங்களைக் கழற்றி எடுப்பது அவள் வேலை. இருபது வருடமாகக் கழற்றியவள், எதையும் சேர்த்துப் பூட்டியது கிடையாது.

வீட்டுக்காரருக்கு அவளைக் கிளப்பிவிட்டு, அவள் வாடகைக்கு இருந்த கீழ்ப்பகுதியைக் கடையாக்க ஆசை. அவர் போட்ட வழக்கு தோற்ற மறுநாளே அவள் பகுதிக்கு மட்டும் கரண்ட் போனது. மீட்டர் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. மின்சார ஆபீசுக்கு மூன்று முறை நடந்தாள். "ஆள் வரும்மா" என்றார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளைக்கும்மா இருட்டுல உக்காந்திருப்பீங்க? ஒரு பாட்டு கேக்கக்கூட வழியில்ல" என்று மாடியிலிருந்து விசாரித்தார் வீட்டுக்காரர்.

கடைக் குப்பையில் ஒரு டயோடு, பழைய ரேடியோவின் ட்யூனிங் கண்டென்சர், ஒரு இயர்போன் கிடைத்தன. மாத்திரை டப்பாவில் செப்புக் கம்பியைச் சுற்றினாள். தண்ணீர்க் குழாயில் எர்த். ஏரியல் கம்பியை வேண்டுமென்றே வீட்டுக்காரரின் பால்கனிக் கிராதியில் கட்டினாள். காற்றில் வருகிற வானொலி அலையிலேயே பாடுகிற ரேடியோ இது, கரண்ட் வேண்டாம். ஆனாலும் இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது. செப்புக் கம்பியின் முனையில் தொடர்பைத் தடுக்கும் வார்னிஷைச் சுரண்டவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தன்னையே திட்டிக்கொண்டு சுரண்டினாள். பாட்டு வந்தது.

கிராதியில் கம்பி, கீழே சித்தி தலையாட்டிச் சிரிக்கிறாள். வீட்டுக்காரர் உடனே மின்சார ஆபீசுக்குப் போனைப் போட்டார்: "கரண்ட் திருடுறாங்க." மூன்று முறை நடந்தும் வராத லைன்மேன் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார்.

கம்பியில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. இயர்போனைக் காதில் வைத்துக் கேட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இதுல கரண்டே இல்ல. செய்தி வாசிக்கிறாங்க."

"அப்படியே என் வீட்டுல ஏன் கரண்ட் இல்லன்னும் பாத்துட்டுப் போங்க தம்பி" என்றாள் சித்தி.

லைன்மேன் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை இழுத்தார். கூடவே சித்தியின் ஃப்யூஸும் வந்து தரையில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிய லைன்மேன், நடந்ததை எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். உள்ளே சித்தியின் மின்விசிறி சுற்றத் தொடங்கியது.

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதான் கரண்ட் வந்துருச்சே, கிராதியில இருக்கற கம்பிய அவுத்துடுங்க" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் சித்தி. "ஃப்யூஸைப் பிடுங்க உங்க கை மறுபடி அரிக்கும்."