மல்லாட்டை மூட்டையின் முடிச்சு

என் மகனுக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் எதையோ விட்டுவிட்டோமோ என்று தவிப்பேன். இந்தப் பழக்கம் எட்டு வயதில், விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் தொற்றியது.

அப்பா நிமோனியாவோடு ஐ.சி.யூ.வில் கிடந்தார். சேர்த்த அன்று, குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டதற்குப் பெரியப்பா, "எங்க குடும்பத்துலயே கிடையாதுங்க" என்றார். அத்தைக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த சமயம். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் மல்லாட்டை மூட்டைக்குள், வேர்க்கடலைக்கு அடியில், அப்பா பாட்டிலை ஒளிப்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். "அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு" என்று கெஞ்சியிருந்தார். உயிர் போனாலும் சொல்வதில்லை என்று இருந்தேன். யாருடைய உயிர் என்று யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவின் கைகால் உதறியது. சுவரெல்லாம் பூச்சி ஊறுது என்று கத்தி, மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கினாராம். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் ஆப்பிள் பையோடு வந்து நின்றார்கள். டாக்டர் வெளியே வந்து மறுபடியும் அதையே கேட்டார். பெரியப்பா வாய் திறப்பதற்குள் அம்மா முன்னால் போய் நின்றாள்.

"குடிப்பாருங்க. தினம் ஒரு ஆஃப் பாட்டில். காலையில கொஞ்சம் ஊத்திக்கினாத்தான் கை நடுக்கம் நிக்கும். கல்யாணம் ஆன நாள்லேந்து இப்படித்தாங்க."

"இன்னா பேசற நீ?" என்று பெரியப்பா பல்லைக் கடித்தார்.

"மொத நாளே சொல்ல வேணாமாம்மா? இவ்ளோ குடிச்ச உடம்பு, குடி சட்டுனு நின்னாலே உயிருக்கு ஆபத்து. சளியும் லேசுல கொறையாது" என்றபடி டாக்டர் உள்ளே ஓடினார்.

மருந்து மாறியது. அன்றிரவே அப்பாவுக்கு மூச்சு மெஷினும் வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு வந்தவர் ஐந்தாம் நாள் நடந்தே போனார். அப்பாவை மூச்சு மெஷினிலிருந்து எடுக்கவே இரண்டு வாரம் ஆனது. ஆனால் எடுத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவில்லை. நானாக இருந்தால் டாக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேனோ, அதற்குள் நேரம் போயிருக்குமோ, இன்றும் தெரியவில்லை. அன்று எனக்கு அம்மா மேல் கோபம்தான்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தினம் மூட்டையை அவுத்துப் பாப்பேன். அவரு கட்டினாப்பலயே திருப்பிக் கட்டிடுவேன்."

அப்பா போடும் முடிச்சு ஒரு மாதிரி கோணலானது. நான் எத்தனையோ முறை முயன்றும் எனக்கு வரவில்லை. அம்மா கெட்டிக்காரிதான் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பாட்டிலைத் தூக்கி எறியாமல், தினமும் அளவு பார்த்து அதே முடிச்சைப் போட்ட அந்தக் கைகள் எதற்குப் பயந்திருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.