குறுக்கு வலி

முத்துச்செல்வி எதையும் லேசில் மறக்கிற ஆள் இல்லை. குலசேகரன்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் தன் பென்சிலை உடைத்தவளோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவளிடம்தான் ஜாய்சன் வாலாட்டினான்.

தூத்துக்குடியில் எங்கள் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டேப் கணினி கொடுத்திருந்தார்கள். வார்டில் யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்று அதில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒரே விவரத்தை இரண்டு பேர் அனுப்பினால், பிந்தி அனுப்பியவர் காப்பியடித்தவர்.

முத்துச்செல்வி கட்டிலருகே நின்று பொறுமையாகக் கேட்டு எழுதுவாள். அவள் சாப்பிடப் போனதும் ஜாய்சன் அவள் டேப்பைத் திறந்து, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மெருகேற்றித் தன் பெயரில் அனுப்பிவிடுவான். சொந்த ஊர் இதுதான் என்றாலும் சென்னையில் வளர்ந்தவன். நோயாளி பக்கத்தில் போகவே முகம் சுளிப்பான். ஆனால் சாப்பிட்டு வந்து பிந்தி அனுப்பியதால் காப்பிப் பட்டம் அவளுக்கு. இன்னொரு தடவை பிடிபட்டால் ஆறு மாதம் மறுபடியும் இதே வார்டு என்று வார்டின் பெரிய டாக்டர் ஆவுடையப்பன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் சொன்னது எடுபடவில்லை.

“ஏளா, அழுதுட்டுப் போயிருவேன்னு நெனச்சுட்டான்,” என்றாள் என்னிடம். “அவன் கையாலயே அவன மாட்ட வைக்கேன் பாரு.”

அந்த வாரம் உப்பளத் தொழிலாளி செல்லத்தாய் வந்து சேர்ந்தாள். டூட்டி டாக்டர் பார்த்து மருந்து கொடுத்துவிட்டார். முத்துச்செல்வி அவள் சொன்னதை அப்படியே தமிழில் ஏற்றினாள்: ‘குறுக்கு வலி’. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அனுப்பாமலே டேப்பை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட வந்தாள். எனக்குத்தான் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் ஆவுடையப்பன் டேப்பைப் பார்த்துப் பதறினார். நெஞ்சின் குறுக்கே வலி, தானே விசாரித்தது என்று ஜாய்சன் அனுப்பியிருந்தான்.

“ஏம்மா, நெஞ்சு வலிக்கா?”

“நெஞ்சா? குறுக்குல்லா சார் வலிக்கி. குனிஞ்சா நிமிர முடியல.”

ஆவுடையப்பன் பக்கத்து ஆழ்வார்திருநகரிக்காரர்; இந்த ஊர்ப் பேச்சு அவருக்கு அத்துபடி. மெதுவாக ஜாய்சன் பக்கம் திரும்பினார். “ஏலே, நீதான விசாரிச்ச. குறுக்கு எங்கன இருக்கு, தொட்டுக் காட்டு.”

அவன் நெஞ்சில் கை வைத்தான். செல்லத்தாய் வலியோடு சிரித்தாள். பின்னிடுப்பைத் தொட்டு, “இங்கனய்யா,” என்றாள்.

அதன்பின் அவனுடைய பழைய நோயாளிகளைப் பற்றியும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவன் டேப்பைத்தான் தேடினான். அந்த ஆறு மாதம் அவன் தலையில் விழுந்தது.

வராந்தாவில் எங்களை மறித்தான். “குறுக்குன்னா இடுப்புன்னு எழுதியிருக்கலாம்ல?”

“அவ கட்டில்கிட்ட ஒரு தடவ குனிஞ்சு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றாள் முத்துச்செல்வி. “ஒனக்குத்தான் குறுக்கு வளையாதே.”