தலையிட்டும் தலையிடாமலும்

மனு எழுதும் தொழிலில் கைவலி கம்மி, காதுவலி ஜாஸ்தி. திங்கட்கிழமைகளில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கடைசி வரி

ஏழுமலை கிரிவலப் பாதையில் சுக்கு காபி வண்டி வைத்திருப்பவன். வண்டிக்காரர்கள் அடையாள அட்டை வாங்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு வேண்டாம். இன்றைக்கு அட்டை கொடுப்பவர்கள் நாளைக்குப் பிடுங்குவார்கள், காபிக்குப் பதில் டீ போடு என்பார்கள், தன்னைத் தன் பாட்டுக்கு விட்டால் போதும், அதை எழுதுங்கள் என்றான். எழுதினேன். கடைசி வரியைக் கை தானாகப் போட்டுவிட்டது: ‘தாங்கள் இதில் தலையிட்டு ஆவன செய்யுமாறு.’ அந்த வரி இல்லாமல் நான் மனு முடித்ததே இல்லை. அவன் நிதானமாகப் படித்தான்.

“தலையிட வேணாம்னுதான் மனுவே. நீங்களே வெத்தலை பாக்கு வெச்சு கூப்பிட்டுட்டீங்களே பெரியவரே.”

பக்கத்து மேஜை

பக்கத்தில் டைப் அடிக்கும் பழனி அரசியல் பாடம் படித்தவன். ஏழுமலை போனதும், இவர் சுதந்திரவாதி சார் என்றான். திருடனைப் பிடிக்க அரசு இருந்தால் போதும், மற்றதை மனிதர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள் என்பவர்களாம். தாராளவாதி என்று இன்னொரு கட்சி. அவர்களுக்கும் சுதந்திரம்தான் பெரிது. ஆனால் இல்லாதவனுக்கு அரசு துணை நின்றால்தான் அது அவன் கைக்கு வரும் என்பார்களாம். ஒரே வரியில் சொல்லித் தொலை என்றேன்.

“சுதந்திரவாதிக்கு அரசாங்கத்தைப் பார்த்தா பயம் சார். தாராளவாதிக்கு பக்கத்து கட்டடத்துக்காரனைப் பார்த்தாலும் பயம்.”

சங்கிலி

அடுத்த வாரம் ஏழுமலையின் மனைவி மல்லிகா வந்தாள். பாதையோரம் புதிதாக லாட்ஜ் கட்டியவர், வண்டி நிற்கும் இடத்தையும் சேர்த்துச் சங்கிலி போட்டுவிட்டாராம். ஏழுமலை நேரில் போய்ப் பேசியிருக்கிறான். அட்டை இருந்தால் காட்டு என்றாராம் அவர். வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. பௌர்ணமி வருகிறது; அதை விட்டால் அவர்களுக்கு அந்த மாதமே இல்லை. அட்டை கேட்டு எழுதுங்கள் என்றாள். உன் புருஷன் தன் பாட்டுக்கு விடச் சொன்னானே என்று எரிந்து விழுந்தேன்.

“லாட்ஜ்காரரும் அதையேதான் சொல்றாரு, என்னை என் பாட்டுக்கு வுடுன்னு. ரெண்டு பேர்ல யாரை வுடறது, நீங்களே சொல்லுங்க.”

ஒரே தாள்

புருஷனைக் கூட்டி வா என்றேன். இருவரும் என் மேஜை முன்னாலேயே சண்டை போட்டார்கள். இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவதில் வந்தது: ‘இடத்தை அடைத்தவர் விஷயத்தில் தலையிட்டும், எங்கள் வியாபாரத்தில் தலையிடாமலும் ஆவன செய்யுமாறு.’ இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பௌர்ணமி போய்விட்டது. அடுத்ததற்குள் அட்டை வந்தது, சங்கிலி கழன்றது. நடந்து போய்ப் பார்த்தேன். வண்டி பழைய இடத்தில் நின்றது. காபியில் காரம் சரியாக இருந்தது. அட்டையை மட்டும் எழுத்து வெளியே தெரியாதபடி திருப்பி மாட்டியிருந்தான். ஏன்டா என்றேன்.

“லாட்ஜ்காரர் வந்தா திருப்பிக் காட்டுவேன். ஆபீசர் வந்தா இப்படியே இருக்கட்டும்.”

இத்தனை வருஷம் எழுதியதில் நான் கண்டது, தலையிடு என்பவனும் தலையிடாதே என்பவனும் அநேகமாக ஒரே ஆள்தான், நடுவில் ஒரு பௌர்ணமி போயிருக்கும், அவ்வளவுதான்.